நோயுற்ற துணையின் அருகே: பத்ரின் பங்கு

  





ஹிஜ்ரி இரண்டாம் ஆண்டு, ரமழான் மாதம். நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களோடு பத்ர் களத்தை நோக்கிப் புறப்படுகின்றார்கள். இஸ்லாமிய வரலாற்றின் போக்கையே தீர்மானித்த நாள் அது. அதில் கலந்துகொண்டோருக்கென்று ஒரு தனிச் சிறப்பு பின்னாளில் உண்டாயிற்று. ஆயினும் முன்வரிசைத் தோழர்களுள் ஒருவரான உஸ்மான் இப்னு அப்பான் (ரலி) அவர்கள் அந்தப் படையில் இருக்கவில்லை. அவர்களுடைய மனைவியும் நபிகளாரின் புதல்வியுமான ருகையா (ரலி) அவர்கள் கடும் நோயுற்றுப் படுக்கையில் இருந்தார்கள். அவர்களைப் பராமரிப்பதற்காக மதீனாவிலேயே தங்கியிருக்குமாறு நபியவர்களே உஸ்மான் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அது மட்டுமன்று, பத்ரில் கலந்துகொண்டவருக்குரிய நற்கூலியும் வெற்றிப் பொருளில் ஒரு பங்கும் அவருக்கு உண்டென்றும் அறிவித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள செய்தி இது.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் அன்று வாளேந்தவில்லை. களத்தில் நிற்கவில்லை. நோயுற்ற மனைவியின் படுக்கையருகே இருந்தார்கள். தண்ணீர் புகட்டுவதும், போர்வையைச் சரிசெய்வதும், இரவில் விழித்திருப்பதுமே ஒரு நோயாளியின் அருகில் இருப்பவர் செய்யக்கூடியவை. அந்தப் பணி பத்ருக்குச் சமமாக எண்ணப்பட்டது. நோயுற்ற மனைவிக்குப் பணிவிடை செய்வது பெண்களின் வேலை, ஆண்மைக்கு இழுக்கு என்று எண்ணுவோருக்கு இதைவிடத் தெளிவான பதில் வேறெதுவும் தேவையில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விடயம் புற்றுநோய். அந்நோயின் சிகிச்சைக் காலத்தில் கணவன் மனைவிக்கும், மனைவி கணவனுக்கும் எவ்வாறு துணைநிற்க வேண்டும் என்பதே என் பேச்சின் நோக்கம்.

எங்கள் நாட்டில் ஆண்டுதோறும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் புதிதாகப் புற்றுநோயாளர்களாக இனங்காணப்படுகின்றனர். பெண்களிடையே முதலிடம் வகிப்பது மார்புப் புற்றுநோய். பெண்களுக்கு ஏற்படும் புற்றுநோய்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அதுவே. ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்கின்றது. எனவே இது எங்கோ யாருக்கோ வரும் நோயன்று. நம் ஒவ்வொரு ஜமாஅத்திலும் இதை அனுபவிக்கும் ஒரு குடும்பமாவது இருக்கும். அவர்களுட் பலர் வாய்திறப்பதில்லை.

நானும் வாய்திறவாதிருந்தவனே. இன்று என் மனைவியின் அனுமதியோடு, ஏன், அவருடைய வற்புறுத்தலின் பேரிலேயே, எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கின்றேன்.

திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீடு. 2017ஆம் ஆண்டு, ஷஃபான் மாதத்தின் கடைசி நாட்கள். ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து நான் வீடு திரும்பியபோது, மனைவி தயங்கித் தயங்கி ஒரு விடயத்தைச் சொன்னார். மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகின்றது, வலி இல்லை, ஆனால் மனம் அமைதியின்றி இருக்கின்றது என்றார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? "இன்றே போவோம், இல்லையேல் நாளைக் காலை போவோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் அப்படிச் சொல்லவில்லை. "வலி இல்லையென்றால் பெரிதாக ஒன்றும் இராது. நோன்பு வருகின்றது. பெருநாள் முடியட்டும், பார்ப்போம்" என்றேன். அவர் அதன்பின் அதைப் பற்றிப் பேசவே இல்லை. முப்பது நாளும் ஸஹருக்கு எழுந்தார், சமைத்தார், நோன்பு பிடித்தார். நான் தராவீஹ் தொழுகைக்குப் பின் பொறுமையைப் பற்றியும் தவக்குலைப் பற்றியும் பிறருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தேன்.

பெருநாள் கழிந்து பத்து நாட்களின் பின்னரே மருத்துவரிடம் போனோம். ஊசி மூலம் இழையம் எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய் என்பது உறுதியாயிற்று. அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும் அது பரவத் தொடங்கியிருந்தது. அறைக்கு வெளியே தனியாக நின்று மருத்துவரிடம் ஒரு கேள்வியைக் கேட்டேன். "ஆறு வாரங்களுக்கு முன் வந்திருந்தால் இது பரவாமல் இருந்திருக்குமா?" அதைத் திட்டமாகச் சொல்ல இயலாது என்றார் அவர். அந்தப் பதிலோடுதான் இன்றளவும் வாழ்கின்றேன்.

அன்புக்குரிய கணவன்மார்களே! மார்பில் தோன்றும் கட்டிகளுட் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. ஆனால் எது புற்றுநோய், எது அன்று என்பதை வீட்டிலிருந்தபடி நீங்களோ நானோ தீர்மானிக்க முடியாது. வலி இல்லை என்பது ஆறுதலுக்குரிய காரணமும் அன்று. ஆரம்பத்தில் வலியின்றி வருவதே இந்நோயின் இயல்பு. மனைவி சொன்ன அந்த முதல் நாளில் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல்லே அவருடைய சிகிச்சையின் தொடக்கம். "பார்ப்போம்" என்று சொல்லாதீர்கள். "போவோம்" என்று சொல்லுங்கள்.

வெட்கம் ஈமானின் ஒரு கிளை என்பதை நாமறிவோம். ஆனால் நோயை மருத்துவரிடமிருந்து மறைப்பது அந்த வெட்கமன்று. பெண் மருத்துவர் கிடைப்பாராயின் அவரிடமே செல்லலாம். கிடைக்காதவிடத்து, தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவர் பரிசோதிப்பதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்தே உள்ளனர். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் ஊடாக 1996ஆம் ஆண்டு முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. முப்பத்தைந்து வயதை அடைந்த மனைவியை, எந்த நோயும் இல்லாதபோதே அங்கு அனுப்பிவைப்பது கணவனின் கடமைகளுள் ஒன்றென்றே நான் கருதுகின்றேன்.

நபி (ஸல்) அவர்களிடம் நாட்டுப்புற அரபிகள் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று வினவினார்கள். செய்துகொள்ளுங்கள் என்றும், முதுமையைத் தவிர ஏனைய நோய்கள் அனைத்துக்கும் அல்லாஹ் நிவாரணத்தை வைத்துள்ளான் என்றும் கருத்துப்பட அவர்கள் பதிலளித்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் சிலர், கத்தி பட்டால் நோய் பரவும், ஒரு கஷாயம் இருக்கின்றது, அதைக் குடித்துப் பாருங்கள் என்றனர். அவர்களுடைய அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அறுவைச் சிகிச்சையால் நோய் பரவும் என்பது தவறான எண்ணம். கஷாயத்தை நம்பிக் கழியும் மாதங்களில்தான் நோய் பரவுகின்றது. ஓதிப் பார்ப்பது சுன்னத்தான காரியம். நாங்களும் ஓதினோம். மருத்துவத்தோடு சேர்த்து ஓதினோம், மருத்துவத்தை விட்டுவிட்டு அன்று.

இனி, சிகிச்சைக் காலத்தில் அருகிலிருப்பவர் அறிந்திருக்க வேண்டியவற்றைக் கூறுகின்றேன்.

முதலில் அறுவைச் சிகிச்சை. அது முடிந்து கட்டுப் பிரிக்கும் நாளில், ஒரு பெண் தன் உடலைக் காணுமுன் தன் கணவனின் முகத்தையே காண்கின்றாள். அந்த முகத்தில் அருவருப்பின் நிழல் விழுமாயின், பின்னர் ஆயிரம் இனிய சொற்கள் சொல்லியும் பயனில்லை. கணவன் மனைவிக்கு ஆடை, மனைவி கணவனுக்கு ஆடை என்று அல்குர்ஆன் உவமிக்கின்றது. ஆடையின் வேலை என்ன? மறைப்பது, காப்பது, வெயிலிலும் குளிரிலும் உடலோடு ஒட்டியிருப்பது. உடல் முழுமையாக இருக்கும்போது மட்டும் ஆடையாக இருப்பேன் என்று எந்த ஆடையும் சொல்வதில்லை.

அடுத்தது கீமோ என்று அனைவரும் அழைக்கும் மருந்துச் சிகிச்சை. என் மனைவிக்கு மூன்று வாரங்களுக்கு ஒரு தடவையாக எட்டுத் தடவைகள் ஏற்றினார்கள். விரைவாகப் பெருகும் உயிர்க்கலங்களை அழிப்பதே இம்மருந்துகளின் தொழில். புற்றுநோய்க் கலங்கள் விரைவாகப் பெருகுபவை. ஆனால் முடியின் வேர்களும், வாயின் உட்தோலும், எலும்பு மச்சையிலுள்ள குருதிக் கலங்களும் அவ்வாறே விரைவாகப் பெருகுபவை. ஆகவேதான் முடி உதிர்கின்றது, வாய் புண்ணாகின்றது, உடல் சோர்கின்றது. முதற் சில தடவைகளில் ஏற்றப்பட்ட மருந்து செந்நிறமானது. அதன்பின் சிறுநீரும் ஓரிரு நாட்கள் செந்நிறமாகப் போகும். முன்னரே தெரியாதவர் இரத்தமென்று எண்ணி நடுங்கிவிடுவார். இவற்றையெல்லாம் தாதியரிடம் கேட்டறிந்து மனைவிக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது கணவனின் வேலை.

மிக முக்கியமான ஒன்று. மருந்து ஏற்றி ஒரு வாரம் முதல் இரண்டு வாரங்கள் வரையான காலத்தில் வெண்குருதிக் கலங்கள் மிகவும் குறைந்துவிடும். அந்நாட்களில் உடல் வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தாண்டினால் அது சாதாரணக் காய்ச்சலன்று. நள்ளிரவாயினும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பனடோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எங்களுக்கு அப்படியொரு இரவு வந்தது. முச்சக்கர வண்டியில் மேட்டிலிருந்து இறங்கிப் போகையில், துறைமுகத்தின் விளக்குகள் நீரில் அசைந்துகொண்டிருந்தன. மனைவி என் தோளில் சாய்ந்திருந்தார். உஸ்மான் (ரலி) அவர்களைப் பற்றி எத்தனையோ தடவை மிம்பரில் பேசியிருந்த நான், அன்றிரவே அவர்களைச் சற்று விளங்கிக்கொண்டேன்.

முடி உதிரத் தொடங்கியபோது அவர் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுதார். கதவுக்கு வெளியே இருந்த எனக்கு எந்த ஹதீஸும் நினைவுக்கு வரவில்லை. "கதவைத் திறங்கள், நானே மழித்துவிடுகின்றேன்" என்று மட்டும் சொன்னேன். அவ்வாறே செய்தேன். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் முடி மீண்டும் வளரும் என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் அன்று அந்த அறிவினால் அவருக்குக் கிடைத்த ஆறுதல் சிறிதே. அருகில் ஒருவர் இருந்தார் என்பதே ஆறுதலாயிற்று.

பின்னர் கதிர்வீச்சுச் சிகிச்சை. அது வாரத்தில் ஐந்து நாட்கள் என்ற கணக்கில், சில வாரங்கள் தொடர்ந்து கொடுக்கப்படுவது. அதற்காக மஹரகம சென்றோம். திருகோணமலையிலிருந்து கொழும்பு 250 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. நாள்தோறும் போய்வர முடியாது, அங்கே ஒரு தங்குமிடம் வேண்டும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசமேயாயினும், பயணத்துக்கும் தங்குவதற்கும் உணவுக்கும் ஆகும் செலவு இலவசமன்று. கூலித்தொழில் செய்யும் ஒரு கணவர் மனைவியோடு மூன்று வாரங்கள் தங்கினால், அந்த மூன்று வாரமும் வீட்டில் அடுப்பு எரிவதெப்படி? இக்கேள்வியை ஒவ்வொரு பள்ளிவாசல் நிர்வாகமும் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். துணையின் அருகே ஒருவர் இருப்பதற்கு, அவர் வீட்டின் பசியைப் பார்த்துக்கொள்ள ஊரில் வேறொருவர் இருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டில் கதீஜா பவுண்டேஷன் மஹரகம வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்குவதற்காக நிதி திரட்டியபோது, இன மத பேதமின்றி இந்நாட்டு மக்கள் கோடிக்கணக்கில் அள்ளிக் கொடுத்தார்கள். பெரும் இயந்திரத்துக்குக் கொடுத்த அதே கைகளால், பக்கத்து வீட்டு நோயாளிக்கு ஒரு ரயில் பயணச்சீட்டும் எடுத்துக் கொடுக்கலாமல்லவா?

அன்பர்களே! துணையின் ஆதரவு மனத்துக்கு ஆறுதல் தருவது மட்டுந்தானா? 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட புற்றுநோயாளரின் பதிவுகளை ஆராய்ந்தது. மணமானவர்களிடம் நோய் முன்கூட்டியே கண்டறியப்படுவதும், அவர்கள் உரிய சிகிச்சையைப் பெறுவதும், அந்நோயால் மரணிப்பது குறைவாக இருப்பதும் தெரியவந்தன. மருத்துவரிடம் போ என்று சொல்லவும், கிளினிக் திகதியை நினைவூட்டவும், உடன் நடக்கவும் ஒருவர் இருப்பது இதற்கொரு காரணமாகக் கொள்ளப்படுகின்றது.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் கேளுங்கள். 2009ஆம் ஆண்டில் அதே நாட்டில் வெளியான இன்னோர் ஆய்வு, புற்றுநோயும் பிற கடும் நோய்களும் கொண்ட 515 பேரின் திருமண வாழ்வைக் கவனித்தது. கணவர் நோயாளியாக இருந்த குடும்பங்களில் பிரிந்தவை 2.9 சதவீதம். மனைவி நோயாளியாக இருந்த குடும்பங்களில் பிரிந்தவை 20.8 சதவீதம். பெண்கள் நோயுற்ற கணவரைக் கைவிடுவது அரிது. ஆண்கள் நோயுற்ற மனைவியைக் கைவிடுவது அவ்வளவு அரிதன்று. அது அமெரிக்கா என்று நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. நோயுற்றவளைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு வருபவரும், அந்த வேளை பார்த்து மறுமணம் பேசுபவரும் நம்மிடையே இல்லையென்று எவரேனும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா?

நோயுற்றவர் கணவராயின் மனைவியின் பொறுப்பு என்ன? பல்லாண்டுகள் நோயின் பிடியிலிருந்த நபி ஐயூப் (அலை) அவர்களையும், அவர்களைக் கைவிடாது பணிவிடை செய்த மனைவியையும் நம் தாய்மார்கள் நன்கறிவர். ஆகவே அவர்களுக்கு நான் ஒன்றை மட்டும் சொல்கின்றேன். பாக்கும் புகையிலையும் சேர்ந்த வெற்றிலையும், புகைப்பழக்கமும் வாய்ப் புற்றுநோய்க்குப் பெருங் காரணங்கள். கணவரின் வாயில் இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புப் படலமோ இருந்தால், அவர் கோபித்துக்கொண்டாலும் விடாதீர்கள். அந்தப் பிடிவாதமும் இபாதத்தே.

துணை இல்லாதவர்கள், துணையை இழந்தவர்கள், கணவர் வெளிநாட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது? அவர்களுக்குத் தாயும் சகோதரியும் மகளும் அண்டை வீட்டாரும் இருக்கின்றார்கள். பெண்கள் வாட்டில் இரவில் ஆண்கள் தங்க முடியாதல்லவா? எங்களுக்கும் அந்த இரவுகளில் என் மனைவியின் தமக்கையே துணையிருந்தார். அந்தப் பங்கில் அவருக்கும் உரிமையுண்டு.

பெற்றோர்களே! தாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் மகளுக்கு மாப்பிள்ளை வராது என்ற அச்சத்தில் நோயை மறைக்கும் குடும்பங்கள் உண்டு. மறைக்கும் ஒவ்வொரு மாதமும் அந்தத் தாயின் ஆயுளோடு விளையாடுவதாகும். புற்றுநோய் தொற்றுநோயன்று. பரம்பரை வழியாக வருபவை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரையே. பெண் பார்க்கச் செல்லும் வீட்டில் நோயை விசாரிப்பவர்கள், மாப்பிள்ளை பார்க்கச் செல்லும் வீட்டில் வேறொன்றை விசாரியுங்கள். தாய் காய்ச்சலில் கிடந்தால் இந்தப் பையன் கஞ்சி வைத்துக் கொடுப்பானா என்று கேளுங்கள். நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அந்தச் சுன்னத்தைப் பழகாத கை, மணநாளன்று திடீரெனப் பழகிவிடாது.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களே, இன்னுமொன்று. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் தடுப்பூசி 2017ஆம் ஆண்டு முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்குப் பாடசாலைகளில் வழங்கப்பட்டு வருகின்றது. வதந்திகளை நம்பி அதைத் தடுத்துவிடாதீர்கள்.

இறுதியாக, தொடங்கிய இடத்துக்கே வருகின்றேன். உஸ்மான் (ரலி) அவர்கள் அவ்வளவு அன்போடு பராமரித்தும் ருகையா (ரலி) அவர்கள் பிழைக்கவில்லை. பத்ர் வெற்றியின் நற்செய்தி மதீனாவை வந்தடைந்தபோது, அவர்களை நல்லடக்கம் செய்து மண்ணைச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எனினும் உஸ்மான் (ரலி) அவர்களுக்குரிய பங்கு குறைக்கப்படவில்லை. நோயாளி குணமடைந்தார் என்பதற்காக அன்று, அருகில் இருந்தார் என்பதற்காகவே அந்தப் பங்கு அவர்களுக்குக் கிடைத்தது. ஆகவே, துணைநின்றும் துணையை இழந்தவர்களே, உங்கள் உழைப்பு வீணாகிவிட்டதென்று ஒருபோதும் எண்ணாதீர்கள்.

என் மனைவி அல்லாஹ்வின் அருளால் இன்றும் என்னோடு இருக்கின்றார். ஐந்தாண்டுகள் நாள்தோறும் மாத்திரை உட்கொண்டார். இன்றும் குறித்த காலத்தில் பரிசோதனைக்குச் செல்கின்றோம். முந்திய நாள் இரவு இருவருக்கும் உறக்கம் வருவதில்லை. அப்போது வீட்டுவாசலில் அமர்ந்து, கீழே துறைமுகத்தைப் பார்த்திருப்போம். வெளிக்கடல் எவ்வளவு கொந்தளித்தாலும் உள்ளே நீர் அமைதியாகவே இருக்கும். அதனாலன்றோ கப்பல்கள் இதைத் தேடி வருகின்றன! கணவன் மனைவியைப் படைத்ததன் நோக்கம் ஒருவரிடம் ஒருவர் அமைதி பெறுவதே என்று அல்லாஹு தஆலா கூறுகின்றான். புயலைத் தடுப்பது நம் கையில் இல்லை. துறைமுகமாக இருப்பது நம் கையில் உள்ளது.

யா அல்லாஹ்! நோயாளர்கள் அனைவருக்கும் பூரண சுகத்தை அளிப்பாயாக! அவர்களின் அருகே விழித்திருப்போரின் விழிப்பை ஏற்றுக்கொள்வாயாக! தாமதித்த எங்கள் குற்றங்களை மன்னிப்பாயாக! எங்கள் இல்லங்களில் அன்பையும் கருணையையும் நிலைக்கச் செய்வாயாக! ஆமீன்.